பந்திக்கும் முந்துவோம், படகுக்கும் முந்துவோம்

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பது பழமொழி. இதற்குப் பெரியோர் பலவாறு பொருள் கூறுவர். எவ்வாறு கூறினும், உண்ணும் வேளையில் பின்தங்கி நிற்கக்கூடாது என்பதில் அனைவரும் உடன்படுவர். ஆனால், நம் இல்லங்களில் நாள்தோறும் நடப்பதைச் சற்று நோக்குங்கள். முதலில் அப்பாவுக்கு இலை. அடுத்து அண்ணனுக்கும் தம்பிக்கும். வந்த விருந்தினருக்கு அதன் பின். சட்டியில் எஞ்சியிருப்பது எதுவோ அது அம்மாவுக்கும் பெண் பிள்ளைகளுக்கும். இப்படித்தான் நடக்க வேண்டுமென்று எவரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆயினும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அன்புத் தோழியரே! நீர் விளையாட்டுக்கு ஏற்ற உணவைப் பற்றி எழுத வந்தவள், பந்தி வரிசையைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் வியக்கலாம். படகு வலிக்கும் கையின் வலிமை துறையில் தொடங்குவதில்லை; முதல் நாள் இரவே அடுக்களையில் தொடங்குகிறது. இதை நான் நூல்களில் படித்து அறிந்ததைவிட, கிள்ளையில் உள்ள என் பெரியம்மா வீட்டில் கண்டு அறிந்ததே அதிகம்.

நம் மாவட்டம் நீர் வளம் மிக்கது. கடலூரில் பெண்ணையாறும் கெடிலமும் கடலைச் சேர்கின்றன. பழைய துறைமுகத்தையொட்டி உப்பனாறு ஓடுகிறது. தெற்கே சென்றால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு; அதற்கும் தெற்கே கொள்ளிடம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. 2022ஆம் ஆண்டில் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. சுரபுன்னை மரங்களின் வேர்கள் இருபுறமும் நெருங்கி நிற்கும் அந்தக் குறுகிய கால்வாய்களுக்குள் விசைப்படகு நுழைய இயலாது. துடுப்புப் படகுதான் போகும். அத்தகைய படகு ஒன்றை ஓட்டுபவர்தான் என் பெரியப்பா.

நீரில் உழைப்பது ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டா. கிள்ளைப் பகுதியில் வாழும் இருளர் குலப் பெண்கள் உப்பங்கழியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். மணிக்கணக்காக நீரில் நகர்ந்துகொண்டே அவர்கள் செய்யும் அந்த வேலைக்குப் பதக்கம் கிடையாது. ஆனால், அதற்கு வேண்டிய உடலுறுதி எந்த விளையாட்டு வீராங்கனையின் உறுதிக்கும் குறைந்ததன்று.

உலக அரங்கிலும் துடுப்பு விளையாட்டு பெண்களுக்குப் புதிதன்று. அமர்ந்த நிலையில் இருபுறமும் அலகுள்ள துடுப்பால் தள்ளுவது கயாக். ஒருகால் மண்டியிட்டு ஒற்றை அலகுத் துடுப்பால் தள்ளுவது கனூ. இவை 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் போட்டிகளாயின. 1948இல் லண்டனில் பெண்களுக்கான கயாக் போட்டி தொடங்கியது. பெண்களுக்கான கனூ போட்டியோ, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதே டோக்கியோவில் நடந்த மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில், குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ் இறுதிச் சுற்று வரை சென்று எட்டாம் இடம் பெற்றார். 2023இல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் தங்கமும் வெள்ளியும் வென்றார். நம் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக 2021இல் விளங்கினார். இவர்களால் முடிந்தது, வெள்ளிக் கடற்கரையின் அலையைப் பார்த்து வளர்ந்த நம்மாலும் ஏன் முடியாது?

முடியும், ஆனால், வெறும் வயிற்றோடு முடியாது.

விடுமுறைக்குக் கிள்ளைக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பாவின் காலை உணவைக் கவனிப்பேன். விடிவதற்கு முன்பே பழைய சோறு, கெட்டி மோர், உப்பு, நான்கைந்து சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. சில நாள் கேழ்வரகுக் கூழும் காரப்பொடிக் குழம்பும். பத்து மணிக்கு மேல் தூக்குவாளியிலிருந்து நீராகாரம். பிற்பகல் சோறும் மீன் குழம்பும் கீரையும். “துடுப்பு கையால் போடுறதில்லம்மா, இடுப்பால போடுறது. இடுப்புக்குச் சோறு வேணும்” என்பார்.

உயிரியல் பாடம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு நன்கு விளங்கிற்று. துடுப்பைத் தள்ளும்போது கைகள் கருவி மட்டுமே. கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் பெருந்தசைகளே உழைக்கின்றன. அத்தசைகள் கடுமையாக உழைக்கும்போது பெரிதும் எரிப்பது மாவுச்சத்தை. அதை நம் உடல் கிளைக்கோஜன் என்னும் வடிவில் ஈரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இச்சேமிப்பு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரைதான். ஓய்வில்லாமல் கடுமையாக உழைத்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரவு முழுவதும் உண்ணாமல் உறங்கும்போது ஈரலில் உள்ள சேமிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, காலையில் ஒரு குவளைத் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் படகில் ஏறுபவள், பாதி காலியான பத்தாயத்தோடு பயணம் புறப்படுகிறாள்.

இனி, என் பெரியம்மாவின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா சிறு வயது முதலே உப்பங்கழியில் படகு தள்ளிப் பழகியவள். கல்லூரியில் சேர்ந்ததும் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இடம் பெற்றாள். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வரை மாணவ மாணவியர் பாய்மரப் படகில் நம் கரையோரமாகச் செல்லும் பயணத்தில் தானும் ஒருநாள் செல்ல வேண்டும் என்பது அவளது ஆசை. ஆனால், படகு வலிக்கும் பயிற்சியின் முதல் வாரத்திலேயே பத்து நிமிடத்திற்கு மேல் அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது, மூச்சு வாங்கியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. “பழக்கமில்லாத பெண், போகப் போகச் சரியாகும்” என்றனர் சிலர். “பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படகெல்லாம்?” என்றனர் வேறு சிலர்.

அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்தபோது உண்மை தெரிந்தது. அக்காவின் ஹீமோகுளோபின் 8.4 கிராம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. “காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?” என்று மருத்துவர் அம்மையார் கேட்டார். “டீ” என்றாள் அக்கா. “நேற்று இரவு?” “சோறும் ரசமும்.” “வீட்டில் மீன் இல்லையா?” அக்கா பதில் சொல்லவில்லை. மீன் இருந்தது. ஆனால், அவள் உட்காரும் நேரத்தில் குழம்பு மட்டுமே இருந்தது. உடன் சென்றிருந்த பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்களாம். மருத்துவர் அத்துடன் விடவில்லை. “நீங்களும் கையை நீட்டுங்கள்” என்று பெரியம்மாவின் இரத்தத்தையும் பரிசோதித்தார். அது 9 கிராம்!

ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் சமைத்த உணவு. பெரியப்பாவுக்கு நாளெல்லாம் துடுப்புப் போடும் வலிமை. அவருக்குச் சோறு போட்டவர்களுக்கோ இரத்தசோகை. இது அவர் வேண்டுமென்று செய்ததன்று. அவர் உண்டு எழுந்த பிறகு என்ன நடக்கிறதென்று அவர் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அதே வயது ஆண்களில் இது 31.1 விழுக்காடு. நம் வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால், இக்கணக்கின்படி ஏறத்தாழ முப்பது பேர் என்று பொருள். பள்ளி மைதானத்தில் இரண்டு சுற்று ஓடியதும் அமர்ந்துவிடும் தோழியைச் சோம்பேறி என்று நகைக்கும் முன், இந்த எண்ணிக்கையை நினைத்துக்கொள்ள வேண்டும். நுரையீரலிலிருந்து தசைக்கு உயிர்க்காற்றைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் எத்தனை பயிற்சி செய்தாலும் தசைக்கு வேண்டிய காற்று போய்ச் சேராது.

இன்னொரு செய்தியையும் பெற்றோர் அருள்கூர்ந்து கவனிக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 16 முதல் 18 வயது வரையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 26 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும். பெண்ணுக்கோ 32 மில்லிகிராம் தேவை. மாதந்தோறும் குருதியை இழக்கும் உடல் அன்றோ! ஆகவே, இரும்புச்சத்தைப் பொறுத்தவரை தம்பியைவிட அக்காவுக்கே அதிகம் வேண்டும். மீன் துண்டு யார் தட்டில் விழவேண்டும் என்பதை அறிவியல் இப்படித்தான் சொல்கிறது.

இதற்கு விலையுயர்ந்த பொடிகளோ, விளம்பரத்தில் வரும் பானங்களோ தேவையில்லை. நம் ஊர்ச் சந்தையே போதும். மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் விலை குறைந்தவை; புரதம் நிறைந்தவை. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. விருத்தாசலம் பக்கத்து நிலக்கடலையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு புரதம். முருங்கைக்கீரையும் கம்பும் பயறு வகைகளும் இரும்புச்சத்து தருவன. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. ஒரு துண்டு மீனோ, எலுமிச்சையோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ உடன் இருந்தால் நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் ஏற்காது. ஆகவே, சாப்பாட்டிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும்.

எப்போது உண்பது என்பதும் முக்கியம். முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்ண வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். படகில் ஏறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் இட்டலியோ பொங்கலோ பழைய சோறோ வயிறார உண்ணலாம். சிதம்பரத்துப் புகழ்பெற்ற கத்தரிக்காய் கொத்சுவோடு நான்கு இட்டலி என்றால் யார்தான் வேண்டாமென்பர்! நேரமில்லாதபோது அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். எண்ணெயில் பொரித்த வடையும் போண்டாவும் அப்போது வேண்டா. அவை செரிக்க நேரமாகும். படகு ஆடும்போது குமட்டும். கரையேறிய பின் ஒரு மணி நேரத்திற்குள் சோறும் மீனும், அல்லது வேகவைத்த கடலையும் வெல்லமும் உண்டால், தீர்ந்த சேமிப்பு திரும்பும். களைத்த தசையும் சீராகும்.

நீரில் இருப்பவருக்குத் தாகம் எடுக்காது என்று பலர் எண்ணுகின்றனர். கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், வியர்ப்பதே தெரிவதில்லை. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே வேகமும் கவனமும் தளரும். 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு அது 900 கிராம். சித்திரை வெயிலில் இழப்பதற்கு வெகு நேரம் ஆகாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு இழந்தோம் என்பது தெரிந்துவிடும். வியர்வையில் உப்பும் போகிறது. உப்பிட்ட மோரும் நீராகாரமும் அதை ஈடுசெய்யும். இளநீர் நல்லதே, ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகையால் இளநீரை மட்டும் நம்பாமல் உப்பிட்ட மோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட பயிற்சி நாட்களில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது எலுமிச்சை பிழிந்து எடுத்துச் செல்லலாம். உயிர்காப்பு மேலாடை எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் குடிநீர்க் குப்பி.

தோழியருள் சிலர் உடல் மெலிய வேண்டுமென்று காலை உணவை விடுகின்றனர். வேறு சிலர் தவக்காலத்தில் பக்தி மிகுதியால் பட்டினி கிடக்கின்றனர். திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, உண்ணா நோன்புக் கடமையைப் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே விதிக்கிறது. வளரும் பிள்ளைகளின் உடல்நிலையைத் திருச்சபைத் தாய் அறிவாள். நாம் ஒறுத்தல் செய்ய விரும்பினால், கைப்பேசியையும் கோபத்தையும் புறங்கூறுதலையும் ஒறுக்கலாம். காலை இட்டலியை ஒறுக்க வேண்டா.

நம் ஆண்டவரே உணவில் எவ்வளவு அக்கறை கொண்டிருந்தார் என்பதை நற்செய்தியில் காண்கிறோம். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் களைத்த சீடர்கள் விடியற்காலையில் கரை வந்தபோது, உயிர்த்த இயேசு கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். பேதுருவிடம் தம் மந்தையை ஒப்படைத்தது, அவர்கள் உண்டு முடித்த பின்னரே. மற்றொரு நிகழ்ச்சியில், இறந்துபோன யாயிரின் மகளை அவர் கைப்பிடித்து எழுப்புகிறார். அவளுக்கு வயது பன்னிரண்டு. நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படிக்கும் வயது. சுற்றியிருந்தோர் மலைத்து நிற்க, ஆண்டவரோ அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்குமாறு சொல்கிறார். அத்தனை பெரிய புதுமைக்குப் பிறகும், ஒரு பெண் பிள்ளையின் பசியை அவர் மறக்கவில்லை.

கிள்ளையில் இப்போது ஒரு புதிய வழக்கம் உண்டு. “எல்லாத் தட்டையும் ஒண்ணா வை, அப்புறந்தான் நான் உட்காருவேன்” என்கிறார் பெரியப்பா. குழம்பில் எத்தனைத் துண்டு மீன் இருந்தாலும் முதலிலேயே பங்கிடப்படுகிறது. அக்கா மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டாள். குடற்புழு மாத்திரையும் போட்டுக்கொண்டாள். நான்கு மாதங்களில் அவளுடைய ஹீமோகுளோபின் 11.6 ஆக உயர்ந்தது. மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. படகு வலிப்பில் அவளது அணி கரை திரும்பும்போது இப்போது அவள்தான் கடைசி வரை தாளம் தவறாமல் வலிக்கிறாளாம். பெரியம்மாவுக்கும் 11 கிராம் வந்திருக்கிறது. “மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது வயசுக் கோளாறு என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன்!” என்று அவர்கள் சொன்னபோது, எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஆகவே, தோழியரே, பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியாதீர்கள். உணவுக்குப் பின் விழுங்குங்கள். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வராதீர்கள். அன்புள்ள பெற்றோரே, இன்று இரவே தட்டுகளை ஒன்றாக வையுங்கள். உங்கள் மகள் ஒலிம்பிக்கிற்குப் போகாமலிருக்கலாம். ஆனால், உப்பனாற்றில் ஒருநாள் படகு வலிக்க ஆசைப்பட்டால், அக்கரை வரை போய்த் திரும்பும் வலிமை அவளுக்கு இருக்க வேண்டும். பந்தியில் அவளுக்கு உரிய இடத்தைக் கொடுங்கள். படகில் தனக்கு உரிய இடத்தை அவளே பிடித்துக்கொள்வாள்.